வெற்றிலை வட்டாவும் சிகரெட் பெட்டியும்
- புகையிலையும் திறைசேரியும் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு -

2016ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் முதலாந் திகதியிட்ட அதிவிசேட வர்த்தமானி ஒன்றை எங்களூரில் எவரும் வாசித்திருக்க மாட்டார்கள். உத்தியோக விளம்பரம் தேடும் பட்டதாரிகளைத் தவிர வர்த்தமானியைப் புரட்டும் பழக்கம் இங்கு யாருக்கும் இல்லை. ஆனால், அந்த அறிவித்தல் எங்களூர்ப் பெண்களில் பாதிப் பேருடைய மடியில் கிடந்த பொருளைப் பற்றியது. புகைக்காமல் பயன்படுத்தப்படும் புகையிலை உற்பத்திகள், அவை சேர்ந்த கலவைகள், வாசனையோ நிறமோ இனிப்போ ஊட்டிய சிகரெட்டுகள், புகையிலை அடங்கிய இலத்திரனியல் சிகரெட்டுகள் ஆகியவற்றை இந்நாட்டில் உற்பத்தி செய்யவோ இறக்குமதி செய்யவோ விற்கவோ கூடாது என்பது அதன் சாரம். மாவாவும் பாபுலும் பான்பராக்கும் அதன் பின்னரே பொலிஸ் செய்திகளில் இடம்பெறத் தொடங்கின.

அதே ஆண்டின் கடைசி மாதங்களில் சிகரெட்டுக்கும் ஒன்று நடந்தது. அதன் மீதான உற்பத்தித் தீர்வை ஏற்றப்பட்டது. பெறுமதி சேர் வரியும் அதன் மேல் வந்து விழுந்தது. விலை கூடியதால் கடைக்காரரும் புகைப்போரும் சில நாட்கள் முணுமுணுத்தனர். பிறகு பழகிப் போயினர். மென்று துப்பும் புகையிலைக்குத் தடை, ஊதித் தள்ளும் புகையிலைக்கு வரி என்று ஒரே செடியின் இலைக்கு ஒரே அரசு, ஒரே வருடத்தில் இரண்டு நீதி வழங்கியது.

வைத்தியர்களைக் கேட்டால் இரண்டும் நஞ்சு என்பார்கள். அதில் கருத்து வேற்றுமை இல்லை. இந்நாட்டு ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோயே என்பதும், அதற்கு வெற்றிலை, பாக்கு, புகையிலை மெல்லும் வழக்கம் முதன்மைக் காரணங்களுள் ஒன்று என்பதும் அறியப்பட்ட உண்மைகள். ஆகவே தடை தவறு என்று வாதிடுவது என் நோக்கமன்று. தடைக்கும் வரிக்கும் இடையிலான கோட்டை யார், எங்கே, எதை வைத்துக் கீறினார்கள் என்று பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை. அக்கோட்டைப் பின்தொடர்ந்து போனால் அது நம்மை வைத்தியசாலை வாசலுக்கு அல்ல, சுங்கச்சாவடி வாசலுக்கே கொண்டுபோய் விடுகிறது.

*

போர்த்துக்கேயரோடு கீழைத் தேசங்களுக்கு வந்த செடி புகையிலை. யாழ்ப்பாணக் குடாநாட்டின் செம்மண்ணும், கிணற்று நீரும், துலா மிதித்து இறைக்கும் மனிதரின் உழைப்பும் அதற்கு வாய்த்துப் போயின. ஆட்டெருவும் இலைதழைப் பசளையும் இட்டு, குழந்தையைப் போல் பராமரித்து, கொழுந்து கிள்ளி, இலை முற்றியதும் வெட்டி, புகைக்குடிலில் தொங்கவிட்டுப் பொச்சுமட்டைப் புகையில் பதப்படுத்தி எடுக்கும் அந்தக் கறுத்த, தடித்த, காரமான இலைக்கு உள்ளூரை விடப் பெரிய சந்தை ஒன்று கடலுக்கு அப்பால் இருந்தது. அதுதான் மலையாள தேசம். ஊர்காவற்றுறையிலும் வடமராட்சித் துறைகளிலும் சிப்பம் சிப்பமாகத் தோணியேறிய புகையிலை தென்முனையைச் சுற்றித் திருவிதாங்கூர்க் கரையை அடைந்தது. அங்கே அது ஊதப்படவில்லை. வெற்றிலையோடு சேர்த்து மெல்லப்பட்டது. யாழ்ப்பாணம் என்ற ஊர்ப்பெயர் மலையாளிகளின் நாவில் 'ஜாப்பாணம்' என்று திரிந்து, ஒரு புகையிலை இனத்தின் பெயராகவே நிலைத்துவிட்டது.

இந்தத் தோணிகளை மூன்று அரசுகள் கண்வைத்தன. ஒல்லாந்தக் கம்பனி, ஏற்றுமதியாகும் புகையிலைக்குச் சுங்கம் அறவிட்டது. ஒல்லாந்தருக்குப் பின் வந்த ஆங்கிலேயரும், 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், சிறிது காலம் யாழ்ப்பாணப் புகையிலை ஏற்றுமதியைத் தமது ஏகபோகமாக்கிப் பார்த்துப் பின்னர் அதைக் கைவிட்டனர். கடலின் மறுகரையில் திருவிதாங்கூர் சமஸ்தானமோ மிளகையும் உப்பையும் போலப் புகையிலையையும் அரசின் தனியுரிமையாக வைத்திருந்தது. வாங்குபவர் அரசர் ஒருவரே. அரசாங்கப் பண்டசாலையில் இறக்கி, அரசு சொன்ன விலைக்குக் கொடுத்துவிட்டுத் தோணி திரும்ப வேண்டும். அதே புகையிலையை அரசு தன் குடிகளுக்குப் பன்மடங்கு விலையில் விற்றது. சமஸ்தானத்தின் வருமானத் தூண்களுள் ஒன்றாகக் கிழவிகளின் வெற்றிலைச் செல்லம் இருந்தது என்று சொன்னால் மிகையாகாது.

பன்மடங்கு விலை என்றால் கள்ளக்கடத்தலும் பன்மடங்கு என்று பொருள். காயல்களும் கழிகளும் நிறைந்த அக்கரையில் இரவில் இறங்கிய சிப்பங்களுக்குக் கணக்கில்லை. காவற்காரரை வைத்தால் காவற்காரரே கூட்டுச் சேர்ந்தனர். ஈற்றில் 1863ஆம் ஆண்டு, திவான் த. மாதவராவ் புகையிலை ஏகபோகத்தை ஒழித்தார். யாரும் இறக்கலாம், யாரும் விற்கலாம், இறக்குமதித் தீர்வையை மட்டும் கட்டினால் போதும் என்றாயிற்று. யாழ்ப்பாணப் புகையிலைக்கு ஒரு வீதம், கோயம்புத்தூர்ப் புகையிலைக்கு இன்னொரு வீதம் என்று இனம் பிரித்தே அத்தீர்வை விதிக்கப்பட்டது. ஈராண்டு கழித்து, 1865இல், ஆங்கிலேய இந்தியாவோடு திருவிதாங்கூரும் கொச்சியும் செய்துகொண்ட வர்த்தக உடன்படிக்கை பெரும்பாலான பொருட்களின் தீர்வையை நீக்கியபோதும் புகையிலையை விலக்கிவைத்தது. எந்த அரசுக்கும் இந்த இலையைக் கைவிட மனம் வரவில்லை.

இங்கே ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். அந்த நூற்றாண்டுகளில் வரிக்குள் அகப்பட்டது மெல்லும் புகையிலைதான். காரணம் எளிமையானது. அது ஒரு துறையில் ஏறி இன்னொரு துறையில் இறங்கியது. துறை என்பது கதவு. கதவில் ஒருவனை நிறுத்தினால் சிப்பத்தை எண்ணலாம். அதே வேளை, அதே செடியின் இலையை யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரன் பக்கத்து வீட்டுக்கு விற்றாலும், அது மாட்டு வண்டியிலும் தலைச்சுமையிலும் வன்னிக்கும் கிழக்குக்கும் வந்து எங்களூர்ச் சந்தையில் கட்டுக் கட்டாக விரிக்கப்பட்டாலும், அதை எண்ண எந்த அரசாலும் முடியவில்லை. எண்ண முடியாததற்கு வரியுமில்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் விலகிச் சென்று ஒரு பழைய அறிஞரை நினைத்துக்கொள்ள ஆசை. உதுமானிய சாம்ராச்சியத்தில் சுல்தான் நான்காம் முராத் 1630களில் புகையிலையைத் தடைசெய்து, மீறியோருக்கு மரண தண்டனையும் விதித்தார். சில ஆண்டுகளின் பின் தடை தளர்ந்தது. அந்தக் காலத்தைக் கண்ணால் கண்ட காதிப் செலபி, 1656ஆம் ஆண்டளவில் எழுதிய 'மீஸானுல் ஹக்' என்ற நூலில் புகையிலை பற்றிய மார்க்க வாதங்களை இரு பக்கமும் நிறுத்துப் பார்க்கிறார். ஈற்றில் அவர் வந்து சேரும் இடம் சுவாரசியமானது. மக்கள் விடப்போவதில்லை, ஆகவே விற்பனையைக் குத்தகைக்கு விட்டு அரசு வருமானம் தேடிக்கொள்வதே புத்தி என்கிறார். ஹறாமா, மக்றூஹா, முபாஹா என்று உலமாக்கள் தர்க்கித்துக் கொண்டிருக்கையில் கணக்கெழுதும் ஓர் அரச அலுவலருக்கு மட்டும் விடை தெளிவாகத் தெரிந்திருக்கிறது. அவர் இராணுவக் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவர் என்பதை அறிந்தால் ஆச்சரியம் குறையும்.

*

யாழ்ப்பாணப் புகையிலையின் மலையாளச் சந்தை 20ஆம் நூற்றாண்டில் மெல்ல மெல்ல மூடியது. திருவிதாங்கூர் தீர்வையை உயர்த்தியது. தென்னிந்தியப் புகையிலை போட்டிக்கு வந்தது. 1930களில் தோட்டக்காரர் ஒன்றுகூடி மலையாளப் புகையிலைக்கென்றே கூட்டுறவு விற்பனவுச் சங்கம் அமைத்துப் பார்த்தனர். இந்தியா சுதந்திரமடைந்த பின்னர் அந்தக் கதவு முற்றாகவே அடைபட்டது. புகையிலை தெற்கே திரும்பியது. காலி, மாத்தறை, கொழும்பு என்று சிங்களப் பட்டினங்களில் யாழ்ப்பாணத்தார் வைத்திருந்த சுருட்டுக் கடைகளின் கதை தனியாக எழுதப்பட வேண்டியது. 1958இலும் 1983இலும் அக்கடைகளுக்கு என்ன நேர்ந்தது என்பதை இங்கு சொல்லத் தேவையில்லை.

இதற்கிடையில் வேறொரு புகையிலை கொழும்பில் கால் ஊன்றியிருந்தது. பிரித்தானிய அமெரிக்கப் புகையிலைக் கம்பனி 1906ஆம் ஆண்டளவில் இங்கு வியாபாரம் தொடங்கியது. 1932இல் இலங்கைப் புகையிலைக் கம்பனி பதிவானது. திரீ ரோஸஸ், போர் ஏசஸ், பிரிஸ்டல், கோல்ட் லீஃப் என்ற பெயர்கள் எங்கள் தலைமுறையின் ஆண்களுக்கு வகுப்பறைப் பாடத்தை விட நன்றாக மனப்பாடம். சட்டபூர்வமாகச் சிகரெட் செய்யும் ஒரே கம்பனி, கொழும்பில் ஒரே தொழிற்சாலை, ஒரே வாசல். சுங்க அதிகாரி ஒருவர் கதிரை போட்டு அமர்ந்தால் நாடு முழுதும் புகையும் சிகரெட்டை எண்ணி முடித்துவிடலாம். திருவிதாங்கூர் மகாராசா காவற்படை வைத்தும் பெற முடியாத வசதி இது.

1989ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க உற்பத்தித் தீர்வை விசேட ஏற்பாடுகள் சட்டத்தின் கீழ்ச் சிகரெட்டுக்கு வரி விதிக்கப்படும் முறையைப் பார்த்தாலே இது விளங்கும். தீர்வை ஆயிரம் சிகரெட்டுக்கு இவ்வளவு என்று கணிக்கப்படுகிறது. அதற்கும் சிகரெட்டின் நீளமே அளவுகோல். 60 மில்லிமீற்றருக்கு உட்பட்டது, 67 வரை, 72 வரை, 84 வரை, அதற்கு மேற்பட்டது என்று படிகள். புகையிலையின் நிறையையோ நஞ்சின் அளவையோ பாராமல் அடிமட்டம் வைத்து அளக்கும் வரி இது. நீளமான சிகரெட்டின் தீர்வையை உயர்த்தினால் கட்டையான சிகரெட்டுக்கு மவுசு கூடும். வரி ஏறிய பிறகும் புகைப்பவர் ஒரு படி இறங்கிப் புகைத்துக்கொள்வார். பொருளியலாளர் பல தடவை சுட்டிக்காட்டிய பிறகும் இப்படிமுறை நீடித்தே வந்தது. அண்மைய ஆண்டுகளில் சிகரெட் வழியாகத் திறைசேரிக்குக் கிடைக்கும் தீர்வை ஆண்டொன்றுக்கு நூறு பில்லியன் ரூபாவைச் சுற்றி நிற்கிறது. வெற்றிலைப் புகையிலையிலிருந்து கிடைப்பதோ பேசத்தக்க தொகையன்று.

பீடி இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அது குடிசைகளில் சுற்றப்படுவதால் சிகரெட்டைப் போல் எண்ண முடியாது. ஆனால், அதைச் சுற்றும் துணுக்கிலை இந்தியாவிலிருந்து வரவேண்டும். எனவே அரசு பீடியை விட்டுவிட்டு இலையைத் துறைமுகத்தில் மறித்து வரி வாங்கியது. அதன் பலன் கற்பிட்டி, நுரைச்சோலை, மன்னார்க் கரைகளில் தெரிகிறது. கடற்படையினர் பீடி இலை மூடைகளைக் கைப்பற்றினர் என்ற செய்தி வராத மாதம் இல்லை. ஒரு காலத்தில் இங்கிருந்து அங்கே இரவில் இறங்கிய இலை, இன்று அங்கிருந்து இங்கே இரவில் இறங்குகிறது. கடல் அதே கடல். புத்தளத்துக் கரையோரத்தில் எத்தனை இளைஞர்கள் இந்த மூடைகளோடு பிடிபட்டு வழக்குக்கு அலைகின்றனர் என்பதை அப்பகுதி வாசகர் நன்கறிவர்.

*

இலங்கை 2003ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சமவாயத்தைப் பின்னுறுதிப்படுத்தியது. தென்கிழக்காசியப் பிராந்தியத்தில் அதை முதலிற் செய்த நாடு இதுவே. 2006இன் 27ஆம் இலக்கச் சட்டம், புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகார சபையை நிறுவியது. 21 வயதுக்குக் குறைந்தோருக்கு விற்பனை இல்லை, விளம்பரம் இல்லை, மூடிய பொது இடங்களில் புகைத்தல் இல்லை. இவையெல்லாம் மெச்சத்தக்க ஏற்பாடுகள். பழைய திரைப்படக் கொட்டகைகளின் புகைமூட்டத்தை நினைவுள்ளோர் இதன் அருமையை அறிவர்.

ஆனால், அச்சட்டத்தின் மனக்கண்ணில் இருந்த புகையிலை சிகரெட்டே. எச்சரிக்கை வாசகம் பெட்டியில் அச்சிடப்பட வேண்டும். தாரும் நிகொட்டினும் எவ்வளவு என்று பெட்டியில் குறிக்க வேண்டும். சந்தையில் பாயில் விரித்துக் காம்போடு விற்கும் புகையிலைக்குப் பெட்டி ஏது? 2012இல் பெட்டியின் 80 வீதப் பரப்பில் படத்துடன் எச்சரிக்கை வேண்டுமென விதிகள் வந்தபோது கம்பனி நீதிமன்றம் சென்றது. மேன்முறையீட்டு நீதிமன்றம் 50 முதல் 60 வீதம் போதுமென்றது. 2015இல் பாராளுமன்றம் சட்டத்தைத் திருத்தி 80 வீதத்தை நிலைநாட்டியது. ஒரு பெட்டியின் பரப்பில் இருபது முப்பது வீதத்துக்காக மூன்று வருடங்கள் நீதிமன்றமும் அமைச்சும் பாராளுமன்றமும் மல்லுக்கட்டின. அப்போராட்டத்தை நான் குறைத்து மதிக்கவில்லை. ஆனால், அந்த மூன்று வருடங்களில் வெற்றிலைக் கடைப் புகையிலையைப் பற்றி ஒரு சொல் எங்கும் எழவில்லை. அதற்குப் பின் ஒரே வர்த்தமானியில் தடை. வழக்காட அங்கே ஒரு கம்பனி இல்லை. திறைசேரிக்கு இழக்க அங்கே ஒரு தொகையும் இல்லை.

எங்கள் தெருவில் பன்பாய் இழைத்துச் சீவித்த ஒரு சாச்சி இருந்தார். விடியப்புறம் தொடங்கினால் லுஹர் வரை கை ஓயாது, வாயும் ஓயாது. வெற்றிலையும் பொயிலையும்தான் அவருக்குப் பசியாறல். வாய்க்குள் வெள்ளையாக ஒரு தழும்பு இருப்பதை அவர் வருடக்கணக்கில் சுண்ணாம்பு பட்ட புண் என்றே நம்பியிருந்தார். மஹரகம வைத்தியசாலைக்குக் கூட்டிப் போனபோது நோய் தாடை வரை இறங்கியிருந்தது. சத்திர சிகிச்சையின் பின் பேச்சு குழறியது. நான் பார்க்கப் போன ஒருநாள், மருமகன் மேசையில் வைத்திருந்த சிகரெட் பெட்டியைக் காட்டி, "இதிலதான் மகன் படம் போட்டிருக்கு. எங்கட பொயிலையில ஆரு படம் போட்ட? ஒருத்தரும் சொல்லல்லயே" என்றார். அவருடைய வாயைப் போன்ற ஒரு வாய்தான் அந்தப் படத்தில் இருந்தது. படத்தில் கண்ட வாய் புகைத்தவனுடைய வாய் என்றே அவர் எண்ணியிருந்தார். அவர் மௌத்தாகிப் பல மாதங்கள் கழிந்த பிறகே 2016ஆம் ஆண்டு வர்த்தமானி வந்தது.

தடை வந்த பின் என்ன மாறியது? பளபளக்கும் சிறு பைக்கற்றுகளில் தொங்கிய இறக்குமதிக் கலவைகள் கடை முகப்பிலிருந்து மறைந்தன. பாடசாலை மாணவர் கையில் அவை எளிதில் கிடைப்பது குறைந்தது என்றால் அது நன்மையே. ஆனால், மறைந்தவை முகப்பிலிருந்துதான் மறைந்தன. மாவா விற்றவர் கைது என்ற செய்தி யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் கொழும்பிலும் மாறி மாறி வருகிறது. வெறும் புகையிலையோ வழக்கம்போல வெற்றிலைக் கூறோடு போகிறது. தோட்டத்து லயங்களிலும் மீன்வாடிகளிலும் வயல் வரம்புகளிலும் அதை மெல்பவருக்குத் தடை பற்றிய சேதியே இன்னும் போய்ச் சேரவில்லை. புகையிலையைத் துப்பிவிட்டு வெறும் வெற்றிலை பாக்கு போட்டால் ஆபத்தில்லை என்று நம்புவோரும் உளர். புற்றுநோய் ஆய்வுக்கான சர்வதேச முகவரகம் புகையிலை சேர்ந்த தாம்பூலத்தை 1985இலும், பின்னர் 2003இல் நடந்த மீளாய்வில் புகையிலை சேராத தாம்பூலத்தையும் பாக்கையும்கூடப் புற்றுநோய் விளைவிப்பவை என்று வகைப்படுத்தியது. பாக்குக்கு இங்கு தடையுமில்லை, எச்சரிக்கையுமில்லை. கலியாண வீட்டு வாசலில் அதுதான் இன்றும் முதல் மரியாதை.

இன்னொரு பக்கத்தையும் சொல்லாமல் விடக்கூடாது. தடைக்குப் பின், 2020ஆம் ஆண்டுக்குள் புகையிலைச் செய்கையே இந்நாட்டில் ஒழிக்கப்படும் என்று அன்றைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அறிவித்தார். யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் கலங்கினர். யுத்தத்தில் நிலத்தையும் சந்தையையும் இழந்து மீண்டு வந்து மறுபடி கன்று நட்டவர்கள் அவர்கள். மாற்றுப் பயிர் எது, அதை யார் வாங்குவார் என்ற கேள்விக்கு விடை கிடைக்கவில்லை. 2020 வந்தது, போனது. செய்கை தொடர்ந்தது. அறிவிப்பை யாரும் மீளப் பெற்றதாகவும் தெரியவில்லை.

கடந்த நோன்புப் பெருநாளன்று உம்மம்மாவின் பித்தளை வட்டாவை அலுமாரியிலிருந்து எடுத்துத் துலக்கினோம். பாக்குவெட்டி துருவேறியிருந்தது. சுண்ணாம்புக் கறண்டகம் மூடியோடு இறுகிப் போயிருந்தது. புகையிலை வைக்கும் சிறு தட்டில் மட்டும் அந்த வாசம், இத்தனை வருடங்களுக்குப் பிறகும், இலேசாக ஒட்டிக்கொண்டிருந்தது. என் இளைய மகள் அதை மோந்து பார்த்து, "இது என்ன வாப்பா?" என்று கேட்டாள். பக்கத்திலிருந்த ராத்தா, "யாழ்ப்பாணத்துப் பொயிலை" என்றார். பிறகு வட்டாவை அவள் கையிலிருந்து வாங்கிப் பேரீச்சம்பழம் வைப்பதற்காகக் கழுவப் போய்விட்டார்.